இதுல கை போறது எது?

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அந்த இருபத்திரண்டு பேரையும் காலையில் வந்த உடம்போடு சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புவதற்கென்று மாடியில் பாதுகாப்புப் பிரிவு ஒன்று இருந்தது. அதில் ஆறு பேர். ஆறு பேரில் எவரும் சலவைக்கூடத்துக்குள் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் நின்றதில்லை. உள்ளே புழுக்கம் தாங்காது. நான் அந்த ஆறாவது ஆள். புகார்ப் படிவம் கொடுப்பது, எழுதி வந்ததும் வாங்கி வைப்பது, கூட்டத்தில் பேசுவதைக் குறித்து டைப் அடிப்பது என் வேலை. ஆகவே இதில் பெரும்பாலானதை நானே கண்ணால் பார்த்தேன், கையால் டைப்பும் அடித்தேன்.

மடிப்பக்கா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஈரக் கையோடு மாடிக்கு வந்தார். படுக்கை விரிப்பை அவர் மடித்தால் ஓரத்தோடு ஓரம் ஒரு நூல்கூடப் பிசகாது, அதனால் அந்தப் பெயர். கீழே விரிப்புகளை இஸ்திரி போட ஒரு ரோலர் இருந்தது. படுக்கவைத்த இரும்பு உருளை, உள்ளே நீராவி. முன்னால் இரண்டு பேர் நின்று விரிப்பின் ஓரத்தை இழுத்துப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். உருளைக்கு ஒரு சாண் முன்னால் குறுக்காக ஒரு சிவப்புக் கம்பி. விரல் அதில் பட்டால் உருளை அந்த நொடியே நிற்க வேண்டும்.

"நிக்கல சார். நேத்துலேர்ந்து கம்பியைப் புடிச்சு ஆட்டினாலும் அது பாட்டுக்குச் சுத்துது. என்கூட நின்னு குடுக்குறது என் நாத்தனார். மூணு மாசம் முன்னாடி நான்தான் கூட்டிட்டு வந்து சேர்த்துவிட்டேன்" என்றார்.

நான் படிவத்தைக் கொடுத்தேன். பெயர், பிரிவு, இயந்திரம் எல்லாம் எழுதிவிட்டு நாலாவது கட்டத்தில் நின்றுவிட்டார். அதில் ஐந்து இங்கிலீஷ் சொற்கள் அச்சாகியிருந்தன. ஹஸார்ட், ரிஸ்க், டேஞ்சர், த்ரெட், பெரில். பொருத்தமான ஒன்றை மட்டும் குறிக்க வேண்டும். தப்பாகக் குறித்தால் படிவம் திரும்பி வரும்.

ஒவ்வொன்றையும் நான் வாசித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் கேட்டார்.

"இதுல கை போறது எது சார்?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லக் கூடாது, புகார் கொடுப்பவர் சுயமாகக் குறிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. அதை டைப் அடித்தவனும் நான்தான்.

அவர் கீழே போய் மெக்கானிக்கைக் கேட்டிருக்கிறார். சலவைக்கூடத்து மெக்கானிக்குக்குத் திருப்புளி என்று பெயர், சட்டைப் பையில் எப்போதும் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். "கரண்டு கம்பத்துல மண்டையோடு போட்டு டேஞ்சர்னுதானே எழுதியிருக்கான், அதையே போடு. உள்ள இருக்குற சின்ன சுவிட்ச் செத்துப்போச்சு, அவ்வளவுதான். ஸ்டோர்ல புதுசு இருக்கு. பாதுகாப்புப் பிரிவு சீட்டு குடுத்தா மாட்டிடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். மடிப்பக்கா டேஞ்சரைக் குறித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கள் அதிகாரி சொல் சுத்தம் பார்ப்பவர். மேஜைமேல் மூன்று அகராதிகள், மூன்றுக்கும் தோல் உறை. தினம் காலையில் வந்ததும் அவற்றைத் தூசி தட்டிவிட்டுத்தான் உட்காருவார். மடிப்பக்காவைக் கூப்பிட்டு நிற்கவைத்து, படிவத்தை விரல் நுனியால் தள்ளினார்.

"டேஞ்சர்னா ஆபத்து இப்ப, இந்த நிமிஷம் நடந்துட்டு இருக்கணும். இப்ப யார் கையாவது உள்ள மாட்டியிருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப டேஞ்சர் இல்ல. போய் யோசிச்சு எழுதிட்டு வாங்க."

அடுத்த முறை அவர் ஹஸார்டைக் குறித்திருந்தார், வரிசையில் முதலில் இருந்ததால். அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "கிட்ட வந்துட்டீங்க. ஹஸார்ட்ங்கிறது ஒரு பொருளோட குணம். யாருமே இல்லாத காட்டுல ரோலர் ஓடினாலும் அது ஹஸார்ட்தான். மனுஷன் பக்கத்துல வந்தாத்தான் அது ரிஸ்க் ஆகும்."

"நாங்க பக்கத்துலதாங்க நிக்கிறோம்."

"அப்ப ஏன் ஹஸார்ட்னு எழுதினீங்க?"

படிவம் திரும்பியது. மூன்றாவது முறை ரிஸ்க். அதற்கு ஒரு எண் வேண்டும். எத்தனை தடவை நடந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அடி எவ்வளவு பலம், இரண்டையும் பெருக்க வேண்டும். அதிகாரி கால்குலேட்டரை எடுத்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கை போயிருக்கு?"

"யாருக்கும் போகலைங்க. போயிடக் கூடாதுன்னுதான்…"

"பூஜ்யம்." அவர் அதை அழுத்தினார். "பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் என்ன வரும்?"

மடிப்பக்கா என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

"அப்ப ஒரு கை போனாத்தான் நம்பர் வருமா சார்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். "ஒண்ணு போதாதும்மா. ஒண்ணு தற்செயலா இருக்கலாம். ரெண்டாவது வந்தாத்தான் அது எந்தப் பக்கம் போகுதுன்னு நமக்கே புரியும்."

இதை நான் குறிப்பில் எழுதிக்கொண்டேன். மறுநாள் அவர் அதைப் படித்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. பலகை வைத்தோம். முதலில் மஞ்சளில் காஷன். பத்து நாள் கழித்து, காஷன் என்றால் சிராய்ப்பு அளவுக்குத்தான், எலும்புக்கு வார்னிங் வேண்டும் என்று ஒரு கருத்து வந்ததால் ஆரஞ்சு நிறத்தில் வார்னிங். அதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து, நோயாளிகளின் உறவினர் யாராவது எட்டிப் பார்த்தால் பயந்துவிடுவார்கள் என்று சொன்னார்கள். ஆகவே அதற்கும் மேலே நீல நிறத்தில் நோட்டீஸ். கீழே வேலை செய்தவர்களில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர் சலவை மேற்பார்வையாளர் ஒருவர்தான், அவர் ரோலர் பக்கமே போவதில்லை. தமிழில் ஒரு வரி எழுதலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "தமிழ்ல எல்லாத்துக்கும் ஆபத்துன்னு ஒரே சொல்தான்பா. அதுல தரம் பிரிக்க முடியாது" என்றார் அதிகாரி. தமிழில் எத்தனை சொல் இருக்கிறது என்று நான் எண்ணிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

மூன்று பலகைகளையும் சிவப்புக் கம்பிக்கு நேர்மேலே, கண் படுகிற உயரத்தில் தொங்கவிட்டிருந்தோம். அதனால் விரிப்பின் ஓரம் உருளைக்குள் போவது நிற்கிற நிலையில் தெரியாது. குனிய வேண்டும். குனிந்தால் கை முன்னால் போகும். மடிப்பக்கா மேலே வந்து பலகையைக் கழற்றச் சொன்னார். பலகையைக் கழற்றுவதற்கு வேறு படிவம். அதிலும் நாலாவது கட்டம் இருந்தது.

பிறகு பாதுகாப்பு வாரம் வந்தது. வெளியிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்திருந்தோம். ஆபத்தைக் குறிக்கும் இங்கிலீஷ் சொற்களில் அவர் நிபுணர், இருபது வருஷமாக அதே தொழில். சலவைக்கூடத்து ஆட்களை வேலை நேரத்தில் நிறுத்தி, மாடிக் கூட்ட அறையில் உட்காரவைத்தோம். குளிர்சாதனத்தில் அவர்களுக்கு நடுக்கம் எடுத்தது. ஆலோசகர் திரையில் ஒவ்வொரு சொல்லாகப் போட்டு, அது பிறந்த கதையைச் சொன்னார். பெரில் என்று வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார்.

"எவ்வளவு அழகான சொல் பாருங்க! இன்ஷூரன்ஸ்காரங்களும் கடல்ல போறவங்களும் மட்டும் வச்சிருக்காங்க. நாம தரையில இருக்கோம், நமக்குக் குடுத்துவைக்கல." பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைய பேச்சின் சாரத்துக்கு வந்தார். "ஒரு விஷயத்தை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. ஆபத்தைச் சொல்ற சொல்லோட முதல் கடமை, அதைச் சொல்றவரைக் காப்பாத்துறது. டேஞ்சர்னு நீங்க எழுதிட்டா, ஏன் சரிபண்ணலன்னு நாளைக்குக் கேப்பாங்க. ஹஸார்ட்னு எழுதினா, கவனத்துக்குக் கொண்டுவந்தாச்சுன்னு ஆகும். சொல்லை அளந்து போட்டா யாருக்கும் எந்தப் பாதிப்பும் வராது."

எங்கள் பிரிவு கை தட்டியது. மடிப்பக்கா எழுந்து நின்றார்.

"ஐயா, அந்தக் கம்பி இன்னும் நிக்கல. போன வாரம் என் நாத்தனாரோட வேலைக் கோட்டுக் கை உள்ள போயிடுச்சு. கிழிஞ்சதால தப்பிச்சா."

அறையில் ஒரு பரபரப்பு. ஆலோசகர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இது நியர் மிஸ்! இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் மறைச்சீங்க?"

"மறைக்கலைங்க. இந்த மிஸ்ஸு யாருன்னு எனக்குத் தெரியாது. உங்ககிட்டத்தான் மூணு தடவை சொன்னேன்."

நியர் மிஸ் என்றால் மயிரிழையில் தப்பியது என்று அர்த்தம். அதற்குத் தனிப் படிவம் இருந்தது, அந்தப் படிவங்களின் எண்ணிக்கையில் எங்கள் ஆஸ்பத்திரி பின்தங்கியிருப்பதாகக் குறையும் இருந்தது. அங்கேயே படிவம் எழுதப்பட்டது. அந்த மாதத்தின் சிறந்த நியர் மிஸ் என்று நாத்தனாருக்கு ஒரு பிளாஸ்க் பரிசு கொடுத்தார்கள். அவர் வெட்கத்தோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். "இதே மாதிரி தொடர்ந்து கொண்டுவாங்க" என்று ஆலோசகர் வாழ்த்தினார். நாத்தனார் மடிப்பக்காவின் காதருகே குனிந்து, "அண்ணி, இனிமே சுவிட்ச் மாத்திடுவாங்களா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. கூட்டக் குறிப்பில் அதற்கு இடம் இல்லை.

ஒன்பது நாள் கழித்து, காலை பத்தே முக்காலுக்கு, அந்தப் பெண்ணின் வலது கை உள்ளே போனது.

நான் அப்போது கீழே இருந்தேன், பலகைகளை எண்ணிக் கணக்கெடுக்கப் போயிருந்தேன். விரிப்பின் ஓரம் மடங்கியிருந்தது, அதை நீவிவிட அவர் பலகைக்கு அடியில் குனிந்தார். கம்பி அவர் மணிக்கட்டில் நன்றாகவே பட்டது. உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. மடிப்பக்கா பதினோரு எட்டு வைத்து ஓடிச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினார். திருப்புளி இரும்புக் கடப்பாரையால் உருளையை நெம்பித் தூக்கினார். வெந்த வாடை வந்தது. நான் கையில் பேனாவோடு நின்றேன்.

ஆஸ்பத்திரியிலேயே நடந்ததால் ஐந்து நிமிஷத்தில் மேலே கொண்டுபோனார்கள். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

பதினொன்றரைக்குப் பாதுகாப்புப் பிரிவு அவசரமாகக் கூடியது. முதல் கேள்வி, நடந்ததற்கு என்ன பெயர்.

"ஆக்சிடென்ட்" என்றேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அவசரப்படாதீங்க" என்றார் அதிகாரி. "ஆக்சிடென்ட்னா வெளியிலேர்ந்து ஆய்வாளர் வருவார். இன்சிடென்ட்னா மேல ஒரு அறிக்கை அனுப்பணும். ஈவென்ட்னு போட்டா நம்மளோட முடிஞ்சுடும். ஈவென்ட்னு எழுதுங்க."

கல்யாணத்துக்கும் அதே சொல்தானே என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள் என்று முடிவானது. பிறகு அதிகாரி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'வெந்தது' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'வெப்பத் தொடர்பு ஏற்பட்டது' என்று போடச் சொன்னார். 'மூன்று விரல் போனது' என்பதற்குப் பதில் 'கையின் பயன்பாட்டில் ஒரு மாற்றம்'. சட்டையில் அந்த வெந்த வாடை இன்னும் ஒட்டியிருந்தது. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதி முடித்தேன்.

கடைசித் தீர்மானம், மூன்று மணிக்கு ரோலரை மறுபடி ஓட்டுவது. வார்டுகளில் விரிப்பு தீர்ந்துவிட்டது. கூடுதலாக ஒரு பலகை வைத்துக்கொள்ளலாம்.

மூன்று மணிக்குக் கீழே போனால் ரோலர் ஓடவில்லை. மெயின் சுவிட்சின் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. அதன் ஓட்டையில் ஒரு பித்தளைப் பூட்டு, மடிப்பக்காவின் சாப்பாட்டுப் பெட்டி அலமாரிப் பூட்டு, தொங்கியது. அவர் அதன் கீழே ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டின் முன்பக்கம் கறை காயாமல் இருந்தது.

"சாவியைக் குடுங்கம்மா" என்றார் அதிகாரி.

"சுவிட்சை மாத்துங்க, தர்றேன்."

"முறைப்படி எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தேன் சார். நீங்க சொன்ன அத்தனையும் எழுதிக் குடுத்தேன். அவ கையை நான்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். இனி இன்னொருத்தி கையை நீங்க கூட்டிட்டு வரப்போறீங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

அதிகாரி மேலே திரும்பி வந்து கூட்டத்தைக் கூட்டினார். ஒன்றரை மாதமாக ரோலருக்கு ஒரு சொல் கிடைக்காமல் திணறிய அதே ஐந்து பேர், நான்கே நிமிஷத்தில் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். தெரிந்தே, வேண்டுமென்றே நிறுவனத்துக்குக் கேடு நினைப்பவர், ஆகவே மடிப்பக்கா ஒரு த்ரெட். அகராதியைக்கூட யாரும் திறக்கவில்லை. அன்றே வேலையிலிருந்து நீக்க வேண்டும், பூட்டை உடைக்கக் காவலாளியைக் கூப்பிட வேண்டும்.

காவலாளி சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் திருப்புளி என் மேஜைக்கு வந்தார்.

"சார், இப்ப கரண்டு இல்ல. பிரிச்சு மாட்ட இதைவிட நல்ல நேரம் வராது. ஒரு சீட்டு குடுங்க, உங்க கையெழுத்தே போதும்."

நான் சீட்டை எடுத்தேன். இயந்திரத்தின் பெயரை எழுதினேன், பொருளின் பெயரும் எண்ணும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அதிலும் இருந்த நாலாவது கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டோருக்கு அவரோடு நானும் போனேன். ஸ்டோர்க்காரர் நாளிதழை மடியில் வைத்துக்கொண்டே சீட்டை ஒரு பார்வை பார்த்து, பின்னால் திரும்பிக் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்சை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நாலாவது கட்டம் எழுதல" என்றேன் நான்.

"அதை எவன் சார் பாக்குறான்? பொருள் பேரு இருக்கா, நம்பர் இருக்கா, போங்க."

திருப்புளி பன்னிரண்டு நிமிஷத்தில் மாட்டி முடித்தார். மாட்டிவிட்டுக் கூடைமேல் உட்கார்ந்திருந்தவரிடம் போய், "ஆச்சுக்கா" என்றார். மடிப்பக்கா எழுந்து பூட்டைத் திறந்தார். சாவியையும் பூட்டையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மேலே நாத்தனார் படுத்திருந்த வார்டுக்குப் போனார். சுத்தியலோடு வந்த காவலாளி உடைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனார்.

நீக்கல் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். இங்கிலீஷில். நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதும் என் வேலைதான். பத்து நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை, சுவரோரம் ஒரு கட்டில். நாத்தனார் அதில் உட்கார்ந்து இடது கையால் தலை சீவப் பழகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சீப்பைக் கீழே வைத்தார்.

"எங்க அண்ணியை எதுக்கு சார் வேலையை விட்டு எடுத்தீங்க? என் கையை எடுத்தது போதாதா?"

"விடுடி. சார் என்ன பண்ணுவார்" என்றார் மடிப்பக்கா. அந்த வார்த்தைக்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம். கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன எழுதியிருக்கு?" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். "உங்களால ஆஸ்பத்திரிக்கு ஆபத்துன்னு எழுதியிருக்கு."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"இந்த வார்த்தை கடைசிவரைக்கும் அந்த ரோலருக்குக் கிடைக்கல பாருங்க." கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "அது கிடக்கட்டும். இப்ப கம்பி நிக்குதா?"

"நிக்குது."

"நீங்க தொட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. திருப்புளி சொன்னதைக் கேட்டு அறிக்கையில் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் கதவைத் திறந்து பிடித்தார்.

மறுநாள் காலை வேலை தொடங்கியதும் சலவைக்கூடத்துக்குப் போனேன். ரோலரில் புதிதாக இரண்டு பெண்கள் விரிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. குனிந்து பலகைகளுக்கு அடியில் கையை விட்டுக் கம்பியைத் தொட்டேன். உருளை நின்றது. உள்ளே பாதி போன விரிப்பு அப்படியே நின்று கருக ஆரம்பித்தது.

"என்ன சார் வேணும் உங்களுக்கு? காலையிலேயே வேலையைக் கெடுக்குறீங்க" என்று ஒருத்தி சீறினாள்.

"ஒண்ணுமில்ல, ஓட்டுங்க" என்றேன்.

அன்றே வேலையை உதறிவிட்டேன் என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். உதறவில்லை. மாடியேறி என் நாற்காலிக்கு வந்தேன். ஆலோசகரின் பரிந்துரைப்படி நாலாவது கட்டத்தில் சேர்க்க வேண்டிய மூன்று புதுச் சொற்களை அதிகாரி என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மத்தியானத்துக்குள் டைப் அடித்துக் கொடுத்துவிட்டேன்.